ஜானி ஹாலிடே உயில் வழக்கு: நான்கு பிள்ளைகள், இரண்டு நாடுகள், ஒரு கேள்வி

பிரான்சில் ஜானி ஹாலிடேயைத் தெரியாதவர் இல்லை. பிரான்சைத் தாண்டினால் தெரிந்தவர் குறைவு. 1960களில் ராக் இசையைப் பிரெஞ்சில் பாடிப் பெயர் பெற்று, அரை நூற்றாண்டுக்கு மேல் மேடையை விட்டு இறங்காதவர். 2017 டிசம்பரில், 74 வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். இறுதி ஊர்வலத்தன்று பாரிசின் ஷான்செலிசே சாலையில் லட்சக்கணக்கானோர் கூடினர். இரண்டு மாதம் கழித்து, 2018 பிப்ரவரி 12 அன்று, அவருடைய மகள் லோரா ஸ்மெட் தன் வழக்கறிஞர்கள் வழியாக ஓர் அறிக்கை விட்டார். அப்பாவின் உயிலில் தனக்கும் அண்ணன் டேவிட்டுக்கும் எதுவுமில்லை, வீடோ பாடல் உரிமையோ ஒரு நினைவுப் பொருளோகூட இல்லை, அந்த உயிலை எதிர்த்து நீதிமன்றம் போகிறேன் என்பது அதன் சாரம்.

அதன் பிறகு பல மாதங்களுக்குப் பத்திரிகைகளுக்குத் தீனி. விதவையின் கட்சி, மூத்த தாரத்துப் பிள்ளைகளின் கட்சி என்று ரசிகர்களும் பிரிந்து நின்றார்கள். அந்தச் சத்தத்தில் பலர் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. கையெழுத்து அவருடையதுதான், சுயபுத்தியோடுதான் எழுதினார், வாசகங்களில் குழப்பமில்லை. வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் நின்றது: இறக்கும்போது இந்த மனிதர் எந்த ஊர்க்காரர்?

குடும்பம்

ஜானியின் இயற்பெயர் ஜான்-பிலிப் ஸ்மெட். பாடகி சில்வி வர்தானை 1965இல் மணந்தார்; 1966இல் டேவிட் பிறந்தார்; 1980இல் மணமுறிவு. அடுத்து வந்த திருமணம் சீக்கிரமே முடிந்தது. பிறகு நடிகை நத்தாலி பாயுடன் சில ஆண்டுகள் திருமணம் செய்யாமலே சேர்ந்து வாழ்ந்தார். 1983இல் லோரா பிறந்தது அந்த வாழ்வில்தான். 1990களில் ஒரே பெண்ணை இரண்டு முறை மணந்து இரண்டு முறை பிரிந்தார். 1996இல் லெட்டீசியாவை மணந்தார். அது கடைசிவரை நிலைத்தது. இருவரும் சேர்ந்து வியட்நாமிலிருந்து இரண்டு பெண் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள், ஒருவரை 2004இல், மற்றவரை 2008இல்.

கூட்டிப் பார்த்தால் ஐந்து திருமணம், நான்கு மனைவியர், மணவாழ்வுக்கு வெளியே ஒரு துணை, மூன்று வெவ்வேறு உறவுகள் வழியாக நான்கு பிள்ளைகள். மூத்த மகனுக்கும் கடைக்குட்டிக்கும் வயது வித்தியாசம் நாற்பத்திரண்டு. இன்னொரு கணக்கு வழக்கில் முக்கியமானது: லெட்டீசியா 1975இல் பிறந்தவர், டேவிட்டைவிட எட்டு வயதுக்கு மேல் இளையவர். மாற்றாந்தாய் மகனைவிட இளையவராக இருப்பது வெறும் வம்புச் செய்தியல்ல. சொத்துரிமைச் சட்டத்தில் அது எப்படி வேலை செய்கிறது என்று கீழே பார்க்கலாம்.

இத்தகைய குடும்பம் நட்சத்திரங்களுக்கு மட்டும் உரியது என்று இப்போது சொல்ல முடியாது. மறுமணம், சேர்ந்து வாழ்தல், தத்து, ஒரு பிள்ளை ஒரு நாட்டிலும் மற்றது வேறு நாட்டிலும் என்பதெல்லாம் சாதாரணக் குடும்பங்களிலும் வந்துவிட்டன. ஜானியின் வீட்டில் அவை எல்லாம் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தன என்பதால்தான் இந்த வழக்கை எடுத்தேன்.

உயில்

2014 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸில், கலிபோர்னியா சட்டப்படி எழுதப்பட்ட உயில் அது. உள்ளதெல்லாம் லெட்டீசியாவுக்கு. அவர் முன்னதாக இறந்துவிட்டால் இரு இளைய மகள்களுக்குச் சமமாக. மூத்தவர்கள் இருவருக்கும் வாழ்நாளிலேயே கொடுத்தாயிற்று என்பதால் அவர்களுக்குப் பங்கில்லை. சொத்தை வைத்திருக்க ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தியிருந்தார்கள். இங்கே டிரஸ்ட் என்றால் தர்ம காரியத்துக்கானது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உயிரோடு இருக்கையிலேயே சொத்தை ஒரு நிர்வாகத்தின் பேரில் மாற்றி, இறந்த பிறகு நீதிமன்ற நடைமுறை இல்லாமல் குறித்தவர் கைக்குப் போகச் செய்வது கலிபோர்னியாவில் வழக்கம்.

கலிபோர்னியாவில் இப்படி எழுதலாமா? தாராளமாக. கணவன் மனைவி இருவரும் மணவாழ்வில் சேர்த்ததில் துணைக்குப் பாதி உண்டு. மற்றபடி தன் பங்கை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். வளர்ந்த பிள்ளையை ஒன்றுமில்லாமல் விடலாம், காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

பிரெஞ்சுக் கணக்கு

பிரான்சில் அது நடக்காது. 1793 மார்ச்சில், புரட்சி அரசு, நேர் வாரிசுகள் இருக்கும்போது உயில் எழுதும் உரிமையையே பறித்தது. புரட்சியின் பக்கம் சாய்ந்த பிள்ளைகளையும் இளைய பிள்ளைகளையும் தகப்பன்கள் உயிலால் தண்டித்துவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். 1804இல் வந்த சிவில் சட்டத் தொகுப்பு கொஞ்சம் இறங்கி வந்து சொத்தை இரண்டாகப் பிரித்தது: ஒரு பகுதி பிள்ளைகளுக்கான கட்டாயப் பங்கு, மீதி இஷ்டப்படி எழுதக்கூடியது. இன்றைய விதிப்படி ஒரு பிள்ளை என்றால் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் நான்கில் மூன்று கட்டாயப் பங்கு.

ஜானிக்கு நான்கு பிள்ளைகள். எனவே நான்கில் மூன்று அவர்களுடையது; ஆளுக்குப் பதினாறில் மூன்று, அதாவது 18.75 சதவீதம். தத்துப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் முழுப் பிள்ளைகளே. திருமணத்துக்கு வெளியே பிறந்த லோராவும் அப்படியே. ஆனால் இந்தச் சமநிலை பழையதல்ல. மணவாழ்வுக்கு வெளியே பிறந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் சம உரிமை என்று 1972 ஜனவரிச் சட்டம்தான் பொதுவாக ஏற்றது. அதிலும், பெற்றோரில் ஒருவர் வேறொருவருடன் மணவாழ்வில் இருக்கும்போது பிறந்த பிள்ளைக்கு மட்டும் பங்கு குறைவு என்ற விதிவிலக்கை வைத்திருந்தார்கள். 2000 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதைக் கண்டித்த பிறகே, 2001 டிசம்பரில் அது நீங்கியது.

அதே 2001 சட்டம் கணவனை இழந்த மனைவிக்கும் இடம் கொடுத்தது. உயில் இல்லாமல் இறந்தால், பிள்ளைகள் எல்லோரும் இருவருக்கும் பொதுவானவர்களாக இருக்கும்போது, மனைவி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: சொத்தில் கால் பங்கு, அல்லது முழுச் சொத்திலும் ஆயுள் அனுபவ பாத்தியம், அதாவது தான் இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை. பிள்ளைகளில் ஒருவர் வேறு தாரத்துக்குப் பிறந்திருந்தால் கால் பங்கு மட்டுமே. ஆயுள் பாத்தியம் என்ற தேர்வு இல்லை.

ஏன் இந்த வேறுபாடு? ஆயுள் பாத்தியம் என்ற பழைய ஏற்பாடு, தாய் பிள்ளைகளுக்கு மூத்தவள், முன்னால் போவாள், பிறகு வீடு பிள்ளைகளுக்கு வரும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. மனைவி மகனைவிட இளையவள் என்றால் அந்த மகன் பத்திரத்தில் மட்டும் உரிமையாளன். வீட்டுச் சாவி அவன் கைக்கு வருவதற்குள் அவன் காலம் முடிந்துவிடலாம். சட்டம் எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். ஆனால் அதே தொகுப்பின் இன்னொரு பிரிவு, உயில் எழுதும் கணவனுக்கு, மனைவிக்குக் கால் பங்கு உரிமையோடு மீதி முக்காலில் ஆயுள் பாத்தியமும் எழுதிவைக்க இடம் தருகிறது. ஜானி பிரெஞ்சுச் சட்டப்படியே உயில் எழுதியிருந்தால்கூட லெட்டீசியா தெருவில் நின்றிருக்க மாட்டார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வழக்கைப் பற்றிப் பேசியவர்களில் பலர் இதைச் சொல்லாமலே கடந்தார்கள்.

வசித்த இடம்

ஆக, கலிபோர்னியா சட்டம் என்றால் மூத்தவர்களுக்குப் பூஜ்யம். பிரெஞ்சுச் சட்டம் என்றால் ஆளுக்கு 18.75 சதவீதம். எதைப் பிடிப்பது?

இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 650/2012 எண் ஒழுங்குமுறை பதில் சொல்கிறது. 2015 ஆகஸ்ட் 17 முதல் நிகழ்ந்த மரணங்களுக்கு அது பொருந்தும். இறக்கும்போது ஒருவர் வழக்கமாக வசித்த நாடு எதுவோ, அந்த நாட்டுச் சட்டமே அவருடைய மொத்தச் சொத்துக்கும். வேண்டாமென்றால், தான் எந்த நாட்டுக் குடிமகனோ அந்த நாட்டுச் சட்டத்தை உயிலில் தேர்ந்தெடுக்கலாம். வேறெதையும் தேர்ந்தெடுக்க முடியாது. ஜானி பிரெஞ்சுக் குடிமகன். கலிபோர்னியா சட்டம் அவருக்குக் கிடைக்க ஒரே வழி, அவர் அங்கே வசித்தார் என்று நிறுவுவதுதான்.

லெட்டீசியாவின் தரப்புக்குச் சொல்ல நிறைய இருந்தது. குடும்பம் பல ஆண்டுகளாக லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தது, பெண்கள் படித்தது அங்கே, வீடுகள் அங்கே, பிரான்சுக்கு வந்ததெல்லாம் கச்சேரிக்கு. எதிர்த்தரப்பு சொன்னது: பாடியது பிரான்சில், சம்பாதித்தது பிரான்சில், பாரிசுக்கு அருகே மார்ன்-லா-கோக்கெத் வீட்டில் கடைசி மூச்சை விட்டார்.

அடுத்து வந்த சான்றுதான் இவ்வழக்கை உலகச் செய்தியாக்கியது. குடும்பத்தினர் இன்ஸ்டாகிராமில் போட்ட படங்களை, எடுத்த இடத்தோடும் தேதியோடும், மூத்தவர்களின் வழக்கறிஞர்கள் நாள் நாளாக அடுக்கினார்கள். விமான டிக்கெட், மின்கட்டண ரசீது எல்லாம் தேடிப் பிடிக்க வேண்டிய வேலையை, ரசிகர்களுக்காகப் போட்ட படங்கள் செய்து முடித்தன. 2015இல் பிரான்சில் 151 நாள், 2016இல் 168 நாள், 2017இல் இறக்கும்வரை தொடர்ச்சியாக எட்டு மாதம் என்று கணக்கு வந்தது.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 151, 168 இரண்டும் அரை ஆண்டுக்குக் குறைவு. 2017இன் எட்டு மாதமோ, நோயாளி சிகிச்சைக்காகத் தங்கிய காலம் என்று வாதிடலாம். வெறும் நாள் எண்ணிக்கையால் வெல்லக்கூடிய வழக்கல்ல இது. ஆண்டில் 183 நாள் தங்கினால் அந்த ஊர்வாசி என்னும் வரி அலுவலகக் கணக்கு இங்கே செல்லாது. ஒழுங்குமுறையின் முகவுரை, இறப்பதற்கு முந்தைய ஆண்டுகளின் வாழ்க்கையை மொத்தமாகப் பார்க்கச் சொல்கிறது: எவ்வளவு காலம், எவ்வளவு தொடர்ச்சியாக, எதற்காகத் தங்கினார், எங்கே வேரூன்றியிருந்தார். பல நாடுகளில் மாறி மாறி வாழ்ந்து எங்கும் நிலையாக அமராதவர் என்றால், குடியுரிமையும் முக்கியச் சொத்துகள் இருக்கும் இடமும் எடைபோடப்படலாம் என்றும் அதில் உண்டு. ஜானிக்காகவே எழுதியதுபோல இருக்கிறது அந்த வரி.

நாந்தேர் நீதிமன்றம் 2018 ஏப்ரலில் இடைக்கால உத்தரவாகப் பிரான்சிலுள்ள வீடுகளையும் பாடல் வருமானத்தையும் முடக்கியது. வெளிவராத கடைசி இசைத்தொகுப்பைத் தாங்கள் முன்கூட்டியே கேட்டுப் பார்க்க வேண்டும் என்ற பிள்ளைகளின் கோரிக்கையை மறுத்தது. 2019 மே 28 அன்று முக்கியத் தீர்ப்பு: ஜானியின் வழக்கமான வசிப்பிடம் பிரான்ஸ், எனவே வழக்கை விசாரிக்கும் அதிகாரம் பிரெஞ்சு நீதிமன்றத்துக்கு. லெட்டீசியா மேல்முறையீடு செய்தார். 2020 ஜூலையில் லோராவுக்கும் அவருக்கும் சமரசம் ஏற்பட்டதாக அறிவித்தார்கள். டேவிட் பங்கு கேட்பதிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். கட்டாயப் பங்கு பற்றிய இறுதித் தீர்ப்பு எழுதப்படாமலே வழக்கு முடிந்தது. வழக்கறிஞர்களுக்கு அது ஏமாற்றம், குடும்பத்துக்கு அப்படியிருக்காது.

இன்னொரு அப்பா

ஜானி இறப்பதற்குப் பத்து வாரம் முன்பு, 2017 செப்டம்பர் 27 அன்று, பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் தந்தது. அவற்றில் ஒன்று, மூன்று ஆஸ்கர் வாங்கிய இசையமைப்பாளர் மோரிஸ் ஜார் பற்றியது. பல பத்தாண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்து 2009இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தவர். அவரும் கலிபோர்னியா சட்டப்படி எல்லாவற்றையும் கடைசி மனைவிக்கு எழுதிவைத்தார். மகன் ஜான்-மிஷேல் ஜார், எலக்ட்ரானிக் இசையில் உலகப் புகழ் பெற்றவர். மோரிஸின் மகளோடு சேர்ந்து அவரும் வழக்குப் போட்டார்.

தோற்றார்கள். கட்டாயப் பங்கு இல்லாத வெளிநாட்டுச் சட்டம் என்பதாலேயே அது பிரான்சின் அடிப்படைக் கொள்கைக்கு விரோதமாகிவிடாது, பிள்ளைகள் வறுமையில் தவிக்கும் நிலை இருந்தால் வேறு கதை, இங்கே அப்படி இல்லை என்றது நீதிமன்றம். ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றமும் 2024 பிப்ரவரி 15 அன்று அதை ஏற்றது. பெற்றோர் சொத்தில் பிள்ளைக்கு நிபந்தனையற்ற பொதுவான உரிமை என்று ஒன்று இல்லை என்பது அதன் நிலை.

இரண்டு அப்பாக்களும் ஒரே மாதிரி உயிலைத்தான் எழுதினார்கள். ஒருவர் உண்மையாகவே கலிபோர்னியாவாசி ஆனார். மற்றவர் பாதி மனதைப் பிரான்சில் விட்டுவிட்டுப் போனார். ஜானியின் ஆலோசகர்கள் காகிதத்தைச் சரியாகத் தயாரித்தார்கள், ஆனால் அந்தக் காகிதம் கேட்ட வாழ்க்கையை அவர் வாழவில்லை. என் பார்வையில் இவ்வழக்கின் மையம் அதுதான்.

வேறு எப்படிச் செய்திருக்கலாம்

மூத்தவர்களுக்கு ஏற்கெனவே கொடுத்தேன் என்ற ஜானியின் வாதம் பொய்யென்று சொல்வதற்கில்லை. ஆனால் பிரெஞ்சுச் சட்டத்தில் அதற்கென்று ஒரு கணக்கு முறை இருக்கிறது: வாழ்நாளில் கொடுத்ததை மறுபடி மொத்தத்தில் கூட்டி, வாங்கியவரின் பங்கில் கழிப்பார்கள். உயிலில் ஒரு வரி எழுதி அதைத் தாண்ட முடியாது. பிள்ளைகள் நால்வரையும் உட்காரவைத்து வாழ்நாளிலேயே பாகம் பிரித்திருக்கலாம். ஆயுள் காப்பீட்டுப் பணம் பிரான்சில் பொதுவாக வாரிசுச் சொத்தில் சேராது. பிரீமியம் அளவுமீறிப் போகாதவரை மனைவிக்கு அந்த வழியில் விட்டுச் செல்லலாம். இன்னொன்று, 2006 ஜூன் சட்டம் திறந்துவிட்ட வழி: தகப்பன் உயிரோடு இருக்கும்போதே, வளர்ந்த பிள்ளை தன் கட்டாயப் பங்கு குறைந்தாலும் வழக்குப் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கலாம். இரண்டு நோட்டரிகள் முன்னிலையில், தனித்து உட்கார்ந்து கையெழுத்திட வேண்டும். நம் ஊரில் இதற்கு இணை இல்லை. தகப்பன் இருக்கும்போதே மகள், வரப்போகும் வாரிசுரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம் செல்லாது என்பதே இங்கே பொது விதி.

இவை எல்லாவற்றுக்கும் மூத்த பிள்ளைகளிடம் பேச வேண்டியிருந்திருக்கும். உயிலுக்கு யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஏன் அவர் அந்த வழியை எடுத்தார் என்று ஊகிக்க எனக்கு உரிமையில்லை.

தமிழ் வாசகருக்கு இது தூரத்துக் கதையல்ல. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் சமயச் சட்டத்தைத் துறந்த புதுச்சேரித் தமிழர்களின் வழிவந்தவர்களுக்குப் பிரெஞ்சு சிவில் சட்டம் வீட்டுச் சட்டம். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தாக்களின் வீடுகளில் ஒரு பிள்ளை பாரிசிலும் ஒரு பிள்ளை புதுச்சேரியிலும் இருப்பது வழக்கம். பிரான்சில் வசிக்கும் பிரெஞ்சுக் குடிமகனான தமிழர் இறந்தால், ஐரோப்பிய விதி அவர் மொத்தச் சொத்துக்கும் பிரெஞ்சுச் சட்டம் என்கிறது. புதுச்சேரியிலுள்ள மனைக்கும் வீட்டுக்கும் நம் நீதிமன்றம் நம் நாட்டுச் சட்டத்தைத்தான் பார்க்கும். ஒரே உயில், இரண்டு கணக்கு. நம் பக்கம் இந்து ஒருவர் சுயார்ஜித சொத்தை முழுவதுமாக யாருக்கும் எழுதலாம். முஸ்லிம் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும். போர்த்துகீசியத் தொகுப்பின் வழிவந்த கோவா வாரிசுச் சட்டத்தில் பாதி கட்டாயப் பங்கு. பிரெஞ்சு முறை விசித்திரம் என்று நினைப்பவர்கள் இந்தியாவுக்குள்ளேயே அதன் உறவினர்களைப் பார்க்கலாம்.

பிறகு

1819ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுச் சட்டத்தால் விடுபட்ட பிரெஞ்சு வாரிசு பிரான்சிலுள்ள சொத்திலிருந்து ஈடு எடுத்துக்கொள்ள அனுமதித்திருந்தது. குடியுரிமை பார்த்துப் பாகுபாடு காட்டுகிறது என்று அரசியலமைப்பு மன்றம் 2011 ஆகஸ்டில் அதை ரத்து செய்தது. அந்த ஓட்டையின் வழியாகத்தான் ஜார் வழக்கு பிள்ளைகளின் கையை விட்டுப் போனது. ஜானி வழக்கின் பரபரப்பு அடங்கிய மறு ஆண்டு, 2021 ஆகஸ்டில், நாடாளுமன்றம் அதே கதவை வேறு சாவியால் திறந்தது. இறந்தவரோ அவர் பிள்ளைகளில் ஒருவரோ ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இருந்து, பொருந்தும் வெளிநாட்டுச் சட்டத்தில் பிள்ளைக்குக் கட்டாயப் பங்கு இல்லையென்றால், பிரான்சிலுள்ள சொத்திலிருந்து பிள்ளைகள் ஈடு எடுக்கலாம். 2021 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்தப் புதிய விதி இறந்த நாளில் பிரான்சில் உள்ள சொத்தை மட்டுமே தொடும். பாரிஸ் வீடு சிக்கும், லாஸ் ஏஞ்சல்ஸ் வீடு சிக்காது. மொத்தச் சொத்துக்கும் ஒரே சட்டம் என்று சொல்லும் 2012 ஒழுங்குமுறையோடு இது ஒத்துப்போகுமா என்று பிரெஞ்சுச் சட்ட அறிஞர்கள் அப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.